அமோனியாவுக்கான இரட்டை அளவுகோல் அழுத்தமானி: இரண்டு கட்டக் குளிர்பதன நிலையத்தின் மூன்று இடங்களில் ஒரு மதிப்பீடு

அமோனியாக் குளிர்பதன நிலையங்களில் பொருத்தப்படும் இரட்டை அளவுகோல் அழுத்தமானியைப் பற்றிய மதிப்பீடு இது. முகப்பின் ஒரு வளையத்தில் பார் கணக்கில் அழுத்தமும், இன்னொரு வளையத்தில் அந்த அழுத்தத்தில் அமோனியா கொதிக்கும் வெப்பநிலையும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே முள் இரண்டையும் சுட்டிக்காட்டும். பல நிறுவனங்கள் இதை ஏறக்குறைய ஒரே வடிவில் செய்கின்றன என்பதால், எந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்குவது என்பதைவிட எந்த அளவெல்லையை எந்த இடத்தில் பொருத்துவது என்பதே இங்கு முக்கியமான கேள்வியாகிறது. நான் எடுத்துக்கொண்டது 100 மில்லிமீட்டர் முகப்பும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடலும், கிளிசரின் நிரப்பும் கொண்ட, துல்லிய வகுப்பு 1.0 என்று குறிக்கப்பட்ட வகை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவி குளிர்ந்து திரவமாகும் கண்டென்சர் இருக்கும் மேல் அழுத்தப் பக்கத்தில் இது மிக நல்ல கருவி. ஆவியை அமுக்கும் இரு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடை அழுத்தத்தில், பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் இருந்தால், நிலையத்தின் நலத்தைச் சொல்லும் முதன்மைக் கருவி. திரவம் ஆவியாகி அறையைக் குளிர்விக்கும் கீழ் அழுத்தப் பக்கத்திலோ, பெரும்பாலோர் வாங்கிப் பொருத்தும் பொது அளவெல்லை கொண்ட வகையை வெப்பநிலை அறியும் நோக்கில் நம்பவே கூடாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கருவியின் தரக்குறைவு அன்று, அமோனியாவின் இயல்பு. ஒரு பாத்திரத்தில் திரவ அமோனியாவும் அதன் ஆவியும் சேர்ந்து சமநிலையில் இருக்கும்போது அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன. வளிமண்டல அழுத்தத்தில் அது மைனஸ் 33.3 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. மைனஸ் 40 டிகிரியில் அதன் தனி அழுத்தம், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட அழுத்தம், 0.717 பார், மைனஸ் 10 டிகிரியில் 2.91 பார், 0 டிகிரியில் 4.29 பார், 35 டிகிரியில் 13.5 பார். இந்த எண்களை வரைபடமாக வரைந்தால் கோடு கீழே மிகத் தட்டையாகவும் மேலே மிகச் செங்குத்தாகவும் இருக்கும். மைனஸ் 40 டிகிரியின் அருகே ஒரு டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ 0.04 பார் மட்டுமே மாறுகிறது. 35 டிகிரியின் அருகே அதே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 பார் மாறுகிறது. பத்து மடங்கு வேறுபாடு. அழுத்தத்தைச் சீரான இடைவெளியில் காட்டும் ஒரு முகப்பில் வெப்பநிலையை எழுதினால் அந்த எழுத்துகள் ஒரு முனையில் நெருக்கியடித்துக்கொண்டும் மறுமுனையில் விரிந்தும் கிடப்பது இதனால்தான்.

சந்தையில் எளிதாகக் கிடைப்பது, வளிமண்டல அழுத்தத்தைச் சுழியாகக் கொண்டு, மைனஸ் 1 முதல் 15 பார் வரையிலான அளவெல்லை. முள் சுற்றும் வளைவு 270 பாகை என்று கொண்டால், ஒரு பாருக்குச் சுமார் 17 பாகை கிடைக்கிறது. மைனஸ் 50 முதல் மைனஸ் 30 வரையிலான 20 டிகிரி முழுவதும் 13 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. 30 முதல் 35 வரையிலான வெறும் 5 டிகிரிக்கு 31 பாகை இடம் இருக்கிறது. உறைபதன அறையை இயக்குபவருக்கு மிகத் தேவையான பகுதி முகப்பில் மிகச் சிறிய இடத்தைப் பெற்றிருக்கிறது என்பதே இந்தக் கருவியின் அடிப்படைக் குறை. முகப்பைக் கண்ணால் பார்த்தே இதை அறியலாம் என்றாலும், துல்லிய வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதன் முழுப் பொருள் விளங்கும். வகுப்பு 1.0 என்றால் முழு அளவெல்லையில் 1 விழுக்காடு பிழை அனுமதிக்கப்படுகிறது. இங்கே அது 0.16 பார். அந்த 0.16 பார், கண்டென்சர் பக்கத்தில் 0.4 டிகிரிப் பிழை. இடை அழுத்தத்தில் ஒன்றேகால் டிகிரி. மைனஸ் 40 டிகிரியில் 4 டிகிரி. வகுப்பு 1.6 கொண்ட சிறிய 63 மில்லிமீட்டர் கேஜாக, அதாவது அழுத்தமானியாக, இருந்தால் கடைசி எண் ஆறரை டிகிரியைத் தொடும். ஒரே பெட்டியில் வந்த மூன்று கேஜ்கள், பொருத்தப்படும் இடத்தைப் பொறுத்து, மூன்று வெவ்வேறு தரமுள்ள கருவிகளாக மாறிவிடுகின்றன.

இனி அந்த மூன்று இடங்களுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, மைனஸ் 40 டிகிரியில் ஆவியாகி 35 டிகிரியில் குளிர்ந்து திரவமாகும் ஒரு நிலையத்தைக் கொள்வோம். 13.5 பாரை 0.717 பாரால் வகுத்தால் அழுத்த விகிதம் 18.8 வருகிறது. இதை ஒரே கட்டத்தில் அமுக்கினால், எந்த இழப்பும் இல்லாத இலட்சிய நிலையில்கூட, டிஸ்சார்ஜ் ஆவியின், அதாவது கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் ஆவியின், வெப்பநிலை 170 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணெய் கருகும், வால்வுத் தகடுகள் கெடும், பிஸ்டன் கம்ப்ரசரின் கொள்திறனும் மிகக் குறைந்துபோகும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரு கட்டங்களுக்கும் சம விகிதம் கிடைக்க வேண்டுமென்றால் இடை அழுத்தம் இரு முனை அழுத்தங்களின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலமாக இருக்க வேண்டும்: இங்கே தனி அழுத்தம் 3.11 பார், அதாவது வளிமண்டலத்தைக் கழித்து மானியில் 2.1 பார், கொதிநிலை மைனஸ் 8 டிகிரிக்குச் சற்றுக் கீழே. ஒவ்வொரு கட்டத்தின் விகிதமும் 4.3 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தெவிட்டிய ஆவியிலிருந்து, அதாவது கொதிநிலையிலேயே இருக்கும் ஆவியிலிருந்து, இலட்சிய முறையில் அமுக்கினால் கீழ்க்கட்டக் கம்ப்ரசரான பூஸ்டரின் டிஸ்சார்ஜ் 50 டிகிரியைச் சற்றே தாண்டுகிறது. மேல்கட்டத்தின் டிஸ்சார்ஜ் 95 டிகிரி அளவில் நிற்கிறது. நடைமுறையில் இரண்டும் இன்னும் சற்று உயரும். எண்ணெய் செலுத்தப்படும் ஸ்க்ரூ கம்ப்ரசர்களில் எண்ணெயே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் கணக்கு வேறாக இருக்கும்.

மேல் அழுத்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைனஸ் 1 முதல் 24 பார் வரையிலான கேஜ் இங்கே சரியான தேர்வு; பிழை அரை டிகிரியை ஒட்டியே இருக்கும், எழுத்துகளும் தெளிவாகப் படிக்கக்கூடியவை. புதிதாக வருபவர்கள் பொதுவாக ஒரு குழப்பத்துக்கு ஆளாகிறார்கள்: டிஸ்சார்ஜ் குழாய் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கிறது, கேஜோ 35 டிகிரி என்கிறது. உள் வளையம் காட்டுவது குழாயில் ஓடும் ஆவியின் வெப்பநிலையை அன்று. அந்த அழுத்தத்தில் அமோனியா எந்த வெப்பநிலையில் திரவமாகத் தொடங்கும் என்பதை. கண்டென்சரில் நிகழ்வதைச் சொல்லும் எண் அது. இந்த எண்ணைத் தண்ணீரின் அல்லது காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் கண்டென்சர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டுக்கு இந்தக் கேஜின் துல்லியம் தாராளமாகப் போதும்.

அதே கேஜ் இன்னொரு நோயையும் காட்டிக்கொடுக்கிறது. மைனஸ் 33.3 டிகிரிக்குக் கீழே ஆவியாகும் எந்த நிலையத்திலும் கீழ்ப்பக்கம் வெற்றிடத்தில் இயங்குகிறது. தண்டு முத்திரையிலோ வால்வுப் பொதியிலோ சிறு கசிவு இருந்தால் அமோனியா வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகிறது. மூக்குக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. உள்ளே போன காற்று இரு கம்ப்ரசர்களையும் கடந்து கண்டென்சரில் சிக்கிக்கொள்கிறது, ஏனெனில் அது திரவமாவதில்லை. அப்போது கேஜ் காட்டும் அழுத்தம் அமோனியாவின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்த கூட்டுத்தொகை. கம்ப்ரசர்களை நிறுத்தி, தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, கண்டென்சர் முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் உள் வளையத்தின் எண்ணைத் தண்ணீரின் வெப்பநிலையோடு ஒப்பிட வேண்டும். வளையம் 30 என்று காட்ட, தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால், அந்த 3 டிகிரிக்கு உரிய ஒரு பாருக்கும் சற்று அதிகமான அழுத்தம் காற்றினுடையது. ஒரு சாதாரண முள் கேஜும் ஒரு வெப்பமானியும் சேர்ந்து இந்தச் சோதனையை முடித்துத்தருகின்றன. இதற்காகவே இரட்டை அளவுகோலை வாங்கலாம் என்பேன்.

இந்த மதிப்பீட்டில் நான் மிகுதியாக வாதிட விரும்புவது நடுக் கேஜுக்காக. பல நிலையங்களில் சக்‌ஷனுக்கும் டிஸ்சார்ஜுக்கும், அதாவது கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்துக்கும் வெளியேற்றும் பக்கத்துக்கும், பெரிய முகப்புக் கேஜ்களை வைத்துவிட்டு, இடை அழுத்தத்துக்கு மட்டும் வெப்பநிலை வளையம் இல்லாத சிறிய கேஜ் ஒன்றை வைத்து முடித்துக்கொள்கிறார்கள். இது தலைகீழான சிக்கனம். ஆவியாகும் அழுத்தத்தை அறையின் தேவையும், கண்டென்சரின் அழுத்தத்தைத் தண்ணீரும் வானிலையும் பெருமளவு முடிவு செய்கின்றன. இடை அழுத்தத்தை, அந்த நிலையில் தனிச் சுமைக்காகக் கட்டுப்படுத்தி வைத்தாலன்றி, யாரும் நேரடியாக நிர்ணயிப்பதில்லை. அது இரண்டு கம்ப்ரசர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் தானாக அமைவது. பூஸ்டர் அனுப்பும் ஆவி, அதன் சூட்டைத் தணிப்பதற்காக, இரு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள இன்டர்கூலர் என்னும் கலத்தில் திரவம் கொதித்து எழும் ஆவி, கண்டென்சரிலிருந்து வரும் திரவம் இடை அழுத்தத்துக்கு இறங்கும்போது பிரியும் ஆவி ஆகிய மூன்றையும் மேல்கட்டக் கம்ப்ரசர் விழுங்கியாக வேண்டும். அது விழுங்கும் அளவும் வரும் அளவும் எந்த அழுத்தத்தில் சமமாகின்றனவோ அந்த அழுத்தத்தில் முள் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில், பூஸ்டரின் ஆவி திரவத்தோடு நேரடியாகச் சேரும் திறந்த வகை இன்டர்கூலரும் இரு படிகளில் இறங்கும் திரவமும் இருந்தால், கீழ்க்கட்டத்தில் ஓடும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல்கட்டத்தில் சுமார் 1.3 கிலோ ஓட வேண்டும். எடை கூடினாலும் கன அளவு வெகுவாகக் குறைகிறது: மைனஸ் 40 டிகிரியில் ஒரு கிலோ ஆவி 1.55 கன மீட்டரை அடைத்துக்கொள்கிறது. மைனஸ் 8 டிகிரியில் அது 0.39 கன மீட்டர்தான். ஆகவே பூஸ்டரின் கன அளவு மேல்கட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்க வேண்டும். இரண்டு கட்டங்களையும் ஒரே உடலில் கொண்ட எட்டு சிலிண்டர் கம்ப்ரசர்களில் ஆறு சிலிண்டர்கள் கீழ்க்கட்டத்துக்கும் இரண்டு மேல்கட்டத்துக்கும் ஒதுக்கப்படுவதன் காரணம் இதில் இருக்கிறது. அத்தகைய இயந்திரத்தில் விகிதம் உலோகத்திலேயே வார்க்கப்பட்டுவிட்டதால், சூடான அறையைக் குளிர்விக்கத் தொடங்கும் நேரத்தில் சக்‌ஷன் அழுத்தம் உயர்ந்திருக்க, இடை அழுத்தமும் அதோடு சேர்ந்து மேலே போகும்; அறை குளிரக் குளிர அது இறங்கி வரும். நடுக் கேஜைப் பார்த்துப் பழகியவருக்கு இது இயல்பான ஏற்றம் என்று தெரியும். பழகாதவர் எங்கோ வால்வு அடைத்துக்கொண்டது என்று பதறுவார்.

உள் வளையம் இங்கே எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பார்ப்பதற்கு, அந்த ஒரே அழுத்தத்தில் மூன்று வெவ்வேறு வெப்பநிலைகள் நிலவுவதை மனத்தில் கொள்ள வேண்டும். பூஸ்டரின் டிஸ்சார்ஜ் குழாயில் 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு ஆவி வருகிறது. இன்டர்கூலரில் இருக்கும் திரவம் மைனஸ் 8 டிகிரியில் கொதிக்கிறது. மேல்கட்டத்தின் சக்‌ஷன் குழாயில் ஆவி அதைவிட ஒருசில டிகிரி மட்டும் கூடுதலாக இருக்கிறது. மூன்று இடத்திலும் கேஜ் வைத்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். வளையத்தின் மைனஸ் 8 நடுவிலுள்ள ஒன்றுக்கு மட்டுமே உண்மை வெப்பநிலை, மற்ற இரண்டுக்கும் அது ஒப்பிட வேண்டிய அடிக்கோடு. மேல்கட்ட சக்‌ஷன் குழாயில் ஒரு வெப்பமானியை வைத்து, அது காட்டும் எண்ணுக்கும் வளையத்தின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கவனித்தால் இன்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறதா என்பது உடனே தெரிகிறது. முள் மைனஸ் 8-இல் அசையாமல் நிற்க, வெப்பமானி மட்டும் 0, 10, 20 என்று ஏறினால் இன்டர்கூலரில் திரவ மட்டம் இறங்கிவிட்டது, திரவ ஊட்டம் தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கூடுதல் சூடு மேல்கட்ட டிஸ்சார்ஜில் இன்னும் பெருகி வெளிப்படும். அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது.

எதிர்த்திசையிலான பிழை இன்னும் ஆபத்தானது. திறந்த வகை இன்டர்கூலரிலிருந்து வரும் ஆவிக்கு இயல்பாகவே சூப்பர்ஹீட், அதாவது கொதிநிலைக்கு மேற்பட்ட சூடு, மிகக் குறைவு என்பதால், திரவத் துளிகள் சேர்ந்து வரத் தொடங்கினாலும் சக்‌ஷன் வெப்பமானியில் பெரிய மாற்றம் தெரியாது. அங்கே நம்ப வேண்டியது மேல்கட்ட டிஸ்சார்ஜ் வெப்பமானி: அழுத்தங்கள் மாறாதிருக்க, டிஸ்சார்ஜ் வெப்பநிலை மட்டும் சட்டென்று இறங்கினால் கம்ப்ரசருக்குள் திரவம் போகிறது. இந்தக் கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் செய்தியைத் தனியாகத் தர முடியாது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

நடு முள் உயர்ந்து, கீழ் முள்ளும் மேல் முள்ளும் இருந்த இடத்தில் இருந்தால் மேல்கட்டத்தால் விழுங்க முடியவில்லை: அதன் வால்வுத் தகடு கசியலாம், கொள்திறன் குறைப்பு அமைப்பு சில சிலிண்டர்களை விடுவித்திருக்கலாம், திரவ ஊட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை வால்வு சரியாக மூடாமல், கண்டென்சரின் திரவம் சேரும் ரிசீவரிலிருந்து ஆவி நேரே இன்டர்கூலருக்குள் பாயலாம், அல்லது பனி நீக்கத்துக்கு அனுப்பிய சூடான ஆவி அங்கே திரும்பி வந்துகொண்டிருக்கலாம். நடு முள் இறங்கினால் பூஸ்டர் குறைவாக அனுப்புகிறது. இந்த இரு வாக்கியங்களையும் கையில் வைத்துக்கொண்டு கேஜ்களின் முன்னால் நின்றால், எந்த இயந்திரத்தைத் திறந்து பார்ப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இடை அழுத்தத்தில் மைனஸ் 1 முதல் 9 பார் வரையிலான அளவெல்லை எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 10 பார் பரப்பில் 1 விழுக்காடு 0.1 பார், அதாவது முக்கால் டிகிரி. ஆனால் நிலையம் நின்றுபோகும்போது இந்தப் பக்கம் எவ்வளவு வரை ஏறும் என்பதைப் பார்த்தபின்பே வாங்க வேண்டும். வர்க்கமூலக் கணக்கை முகப்பில் ஒரு கோடாகக் குறித்துவைத்து, முள் அதிலிருந்து விலகவே கூடாது என்று நினைப்பதும் தவறு. அமோனியாவைப் பொறுத்தவரை மின்சாரம் குறைவாகச் செலவாகும் புள்ளி அந்தக் கணக்கைவிடச் சற்று மேலே இருக்கிறது. அதன் அருகில் செலவு மெதுவாகத்தான் மாறுகிறது. அதே இடை அழுத்தத்திலிருந்து 0 டிகிரி அறைகளுக்கும் குளிர் கொடுக்கும் நிலையங்களில் அந்த அறைகளின் தேவையே அழுத்தத்தை முடிவு செய்துவிடும்.

கீழ்ப்பக்கத்துக்கு மைனஸ் 1 முதல் 3 பார் வரையிலான கேஜ் இருக்கிறது. நான்கு பார் பரப்பு என்பதால் 1 விழுக்காடு 0.04 பார், மைனஸ் 40 டிகிரியில் பிழை ஒரு டிகிரிதான். முகப்பில் 5 டிகிரிக்குப் பதினான்கு பாகைக்கு மேல் இடம் கிடைப்பதால் படிப்பதும் எளிது. அப்படியிருந்தும் பலர் பதினைந்து பார் கேஜையே வாங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. நிலையம் நின்று, எல்லாம் சுற்றுப்புற வெப்பநிலைக்கு வந்தால் கீழ்ப்பக்கமும் மெல்ல ஏறும். 30 டிகிரியில் அமோனியாவின் மானி அழுத்தம் 10.7 பார். வழக்கமான 100 மில்லிமீட்டர் கேஜ் தன் முழு அளவைப் போல 1.3 மடங்கு அழுத்தத்தைக் குறுகிய நேரத்துக்கு மட்டுமே தாங்கும், அதாவது 3.9 பார். அதைத் தாண்டினால் உள்ளிருந்து முள்ளை நகர்த்தும் வளைகுழாய் நிரந்தரமாக நீண்டுபோய், பிறகு எப்போதும் பொய் சொல்லும். மிகை அழுத்தத்தைத் தாங்கும் பாதுகாப்போடு செய்யப்பட்ட குறுகிய அளவெல்லை கேஜ்கள் கிடைக்கின்றன; கீழ்ப்பக்கத்துக்கு அவற்றைத்தான் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பதினைந்து பார் கேஜை அழுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வெப்பநிலைக்கு மின்னணு அழுத்த உணரியை நாடுவது நல்லது.

இத்தனை கவனம் எடுத்து ஒரு டிகிரிப் பிழைக்குக் கொண்டுவந்தாலும், கீழ்ப்பக்கத்து வளையம் காட்டுவது கேஜ் பொருத்தப்பட்ட இடத்தின் கொதிநிலையை மட்டுமே. கம்ப்ரசர் அருகே கேஜ் இருந்து, ஆவியாக்கிக்கும் அதற்கும் இடையே சக்‌ஷன் குழாயில் 0.04 பார் இழப்பு இருந்தால், ஆவியாக்கியில் வெப்பநிலை ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும். திரவம் நிரம்பிய ஆவியாக்கியாக இருந்தால் திரவத்தின் எடையும் சேர்ந்துகொள்கிறது: மைனஸ் 40 டிகிரியில் திரவ அமோனியாவின் அடர்த்தி கன மீட்டருக்கு 690 கிலோ, ஒரு மீட்டர் உயரம் ஏறத்தாழ 0.07 பார் அழுத்தத்தைக் கூட்டி, அடியில் கொதிநிலையை ஒன்றேமுக்கால் டிகிரி உயர்த்திவிடுகிறது. இடை அழுத்தத்தில் அதே ஒரு மீட்டர் அரை டிகிரிதான். அறை போதிய அளவு குளிரவில்லை, கேஜோ சரியான எண்ணைக் காட்டுகிறது என்ற முறையீடு எழும்போது இந்த இரண்டையும் முதலில் கணக்கிட வேண்டும். மூன்றாவது காரணம் தண்ணீர். வெற்றிடத்தின் வழியே ஈரக்காற்று உள்ளே போகும் நிலையங்களில் தண்ணீர் கீழ் அழுத்தக் கலத்தில் தேங்குகிறது, ஏனென்றால் அமோனியா ஆவியாகிப் போகத் தண்ணீர் தங்கிவிடுகிறது. தண்ணீர் கலந்த அமோனியா அதே அழுத்தத்தில் சற்றுக் கூடுதலான வெப்பநிலையில் கொதிக்கும். முகப்பிலுள்ள வளையமோ தூய அமோனியாவுக்காக அச்சிடப்பட்டது.

கடல் மட்டத்திலிருந்து உயரமான இடங்களில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் தன்னைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. வெப்பநிலை வளையமோ கடல் மட்டக் காற்றழுத்தமான 1.013 பாரைக் கருதி அச்சிடப்பட்டது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.9 பார். அங்கே உண்மையில் மைனஸ் 40 டிகிரியில் கொதிக்கும் அமோனியாவை வளையம் மைனஸ் 37 என்று காட்டும். கண்டென்சர் பக்கத்தில் இதே வேறுபாடு 0.3 டிகிரிதான், யாரும் கவனிக்கப்போவதில்லை. இதைப் பற்றி அட்டைப்பெட்டியில் ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது உற்பத்தியாளர்கள் மீது எனக்குள்ள உண்மையான மனக்குறை. முகப்பிலேயே சிறு எழுத்தில் எந்தக் காற்றழுத்தத்துக்கு அச்சிடப்பட்டது என்று குறித்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

செய்நேர்த்தியைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஈரம் சேர்ந்த அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆகவே வளைகுழாயும் இணைப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பதை உறுதி செய்துகொண்டே வாங்க வேண்டும். வேறு குளிர்பதனப் பொருளுக்கான பித்தளைக் கேஜ் தோற்றத்தில் ஒத்திருப்பதால், முகப்பில் அமோனியாவின் குறியீடான ஆர் 717 இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கிளிசரின் நிரப்பு பிஸ்டன் கம்ப்ரசரின் அதிர்வில் முள் நடுங்குவதைப் பெரிதும் அடக்குகிறது. ஆனால் நிரப்பப்பட்டு மூடிய உடலில் வெப்பநிலை மாறும்போது உள் அழுத்தமும் மாறுகிறது. குறுகிய அளவெல்லை கேஜ்களில் இதுவே சுழியை நகர்த்தப் போதுமானது. மேலே இருக்கும் சிறு காற்றுத் திறப்பைப் பொருத்தியவுடன் திறந்துவைத்தால் இது தீரும். பல இடங்களில் அது கடைசிவரை மூடியே கிடக்கிறது. மிகக் குளிர்ந்த இடத்தில் கிளிசரின் கெட்டியாகி முள்ளை மந்தமாக்கும். அங்கே சிலிக்கான் எண்ணெய் நிரப்பு மேலானது.

மாற்றுக் கருவிகளை ஒப்பிடாமல் மதிப்பீடு நிறைவடையாது. கைப்பேசிச் செயலிகளில் அழுத்தத்தைக் கொடுத்தால் கொதிநிலையைக் காட்டும் நழுவு அளவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தனி அழுத்தமா மானி அழுத்தமா என்ற தேர்வைச் சரியாக வைத்தால் அவை முகப்பின் வளையத்தைவிடத் துல்லியமானவை. அந்தத் தேர்வைக் கவனிக்காமல் 0.717 பாரை மானி அழுத்தமாகக் கொடுத்தால் மைனஸ் 40-க்குப் பதிலாக மைனஸ் 22 டிகிரி என்ற விடை வரும், அதை நம்பி வால்வைத் திருப்பினால் விளைவு சிறியதாக இருக்காது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட கூல்பேக் மென்பொருள் இரண்டு கட்டச் சுழற்சியை அழுத்தத்தையும் வெப்ப உள்ளுறையையும் (ஒரு கிலோ பொருளில் அடங்கிய வெப்ப ஆற்றலின் அளவு) காட்டும் வரைபடத்தில் வரைந்துகாட்டுகிறது. டிஸ்சார்ஜ் வெப்பநிலை என்னவாக இருக்க வேண்டும் என்பதை அறிந்து கேஜ்களோடும் வெப்பமானிகளோடும் ஒப்பிட மிக உதவும். மின்னணு உணரி கீழ்ப்பக்கத்தில் துல்லியமானது, பதிவும் செய்துவைக்கும். ஆனால் மின்சாரம் போன நேரத்தில், நிலையத்துக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது, அதன் திரை இருண்டிருக்கும். முள் கேஜ் அப்போதும் வேலை செய்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று இடத்திலும் முள் கேஜ் இருந்தாக வேண்டும், உணரி கூடுதலாக இருக்கலாம் என்பது என் நிலைப்பாடு.

ஆகவே ஒரே அளவெல்லையில் மூன்று கேஜ்களை மொத்தமாக வாங்காதீர்கள். மேலே மைனஸ் 1 முதல் 24 பார், நடுவில் மைனஸ் 1 முதல் 9 பார் அல்லது நிலையம் நின்றிருக்கும்போது அங்கே எதிர்பார்க்கும் அழுத்தம் கோரும் 15 பார், கீழே மிகை அழுத்தப் பாதுகாப்புள்ள மைனஸ் 1 முதல் 3 பார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றையும் கண் மட்டத்தில், கீழ், இடை, மேல் என்ற வரிசையில் பக்கம் பக்கமாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பு வால்வு வையுங்கள். அந்த வால்வை மூடி, கேஜிலுள்ள அழுத்தத்தைப் பாதுகாப்பாக விடுவித்து, முள் சுழிக்குத் திரும்புகிறதா என்று பார்க்கும் வசதி இல்லாவிட்டால் வகுப்பு 1.0 என்ற குறிப்புக்கு நாளடைவில் பொருள் இருக்காது. மேல்கட்டத்தின் சக்‌ஷனிலும் இரு டிஸ்சார்ஜ்களிலும் வெப்பமானிகளைப் பொருத்தும் செலவையும் இந்தக் கேஜ்களின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.